முயலுக்குக் கட்டிய களி

கட்டி வந்தால் பழுக்க வைக்க வேண்டும், பழுத்தால் உடையும், உடைந்தால் ஆறிவிடும். எனக்குத் தெரிந்த வைத்தியம் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஊரில் பெரிய ஆள் மாதிரி நடமாடிக்கொண்டிருந்தேன். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். யார் வீட்டு மாட்டுக்கு வயிறு உப்பினாலும், யார் வீட்டுக் கன்றுக்குட்டிக்குக் கழுத்தில் கட்டி வந்தாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள், கால்நடை டாக்டரை அப்புறம்தான். நான் போய்த் தொட்டுப் பார்த்து, "இன்னும் பழுக்கலை, களி வச்சுக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வருவேன். பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாத மாடுகளைப் பற்றி யாரும் என்னிடம் வந்து சொன்னதில்லை. நானும் போய்க் கேட்டதில்லை.

களி என்பது ஒன்றும் பெரிய மருந்தில்லை. பச்சரிசி மாவில் மஞ்சள்தூளும் கொஞ்சம் விளக்கெண்ணெயும் போட்டுக் கெட்டியாகக் கிண்டி, சூடு பொறுக்கிற பதத்தில் வெற்றிலையில் தடவிக் கட்டியின் மேல் வைத்துக் கட்டுவது. எனக்கே முதுகில் கட்டி வந்தபோது இப்படித்தான் பழுத்து உடைந்தது. எனக்குச் சரியானது எல்லாருக்கும் சரியாகும் என்று நினைக்கிற புத்தி எனக்கு உண்டு.

அந்தப் புத்தியோடுதான் ஒரு முயலுக்கும் களி கிண்டினேன்.

முயலை வாங்கி வந்தவள் என் மனைவி. குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகன் படித்து முடித்து பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான். வயலைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நான் மட்டும். லீவில் வந்திருந்தபோது ஒரு நாள் தஞ்சாவூருக்குப் போனவள், அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு இதைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கிவிட்டாள். வெள்ளை உடம்பு, காது மட்டும் காபி நிறம்.

"வயல்ல எலி பத்தாதுன்னு இதை வேற வாங்கிட்டு வந்தியா?" என்றேன்.

"உசுரா ஒண்ணு வீட்டுல நடமாடட்டும். நீங்க பாட்டுக்கு செவுத்தைப் பாத்துப் பேசிக்கிட்டு இருக்கீங்கன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க."

அப்படியெல்லாம் நான் பேசவில்லை. ஆனால் லீவு முடிந்து அவள் விமானம் ஏறிய பிறகு முயலோடு பேச ஆரம்பித்தேன் என்பது உண்மை. பேர் எதுவும் வைக்கவில்லை. எங்கள் தெருவில் முயல் என்றால் அது ஒன்றுதான், குழப்பம் வராது. காலையில் நான் அடுப்படிக்குப் போனால் பின்னாலேயே வந்து கணுக்காலை மோந்து பார்க்கும். செய்தித்தாள் படித்தால் பேப்பரின் ஓரத்தைக் கடிக்கும். கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு நான் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

சாயங்காலம் டூட்டி முடிந்து அறைக்கு வந்ததும் அவள் வீடியோ காலில் வருவாள். முதலில் முயல், பிறகுதான் நான். "எனக்கும் ரெண்டு காது இருக்கு, என்னையும் விசாரிக்கலாம்" என்பேன். அவள் சிரித்துக்கொண்டே, "அதுக்கு இருக்குற அழகு உங்க காதுக்கு இருக்கா?" என்பாள். முயலை மடியில் தூக்கி வைத்து போனுக்கு நேராகப் பிடிப்பது என் வேலை. அது மூக்கை ஆட்டும். அவள் அந்தப் பக்கத்தில் அறையில் ஆக்கிய சோற்றைப் பிசைந்து சாப்பிட்டபடியே பார்த்துக்கொண்டிருப்பாள். பத்து நிமிஷம் அப்படி ஓடிவிடும். அன்றைக்கு வார்டில் யாராவது இறந்திருந்தால் கொஞ்சம் கூடுதலாக ஓடும்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் என் தப்பு ஆரம்பித்தது. "புல்லுதான் நெறைய போடணுமாம், நெட்ல போட்டுருக்கு" என்று அவள் போகும்போதே சொல்லிவிட்டுப் போனாள். சரி என்று தலையாட்டினேன். ஆனால் எங்கள் பக்கத்தில் புல்லும் வைக்கோலும் கொட்டகையில் நிற்கிற மாட்டுக்கு. வீட்டுக்குள் வளர்கிற ஜீவன் சோறு தின்னும். நெல் விளைகிற வீட்டில், அதுவும் அவள் ஆசையாக வாங்கி வைத்துவிட்டுப் போன ஒன்றுக்கு, வைக்கோலை அள்ளிப் போட்டால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? ஊறவைத்த அவல் போட்டேன். தயிர் விடாத சோறு போட்டேன். இட்லியைப் பிட்டுப் போட்டேன். பொரி என்றால் அதற்கு உயிர். நன்றாகத் தின்று உருண்டு திரண்டு வந்தது. அவளும் போனில் பார்த்து, "நல்லா வளத்துருக்கீங்க" என்றாள். புல் போடுகிறீர்களா என்று கேட்டால் போடுகிறேன் என்பேன். வாரத்தில் ஒருநாள் ஒரு பிடி அருகம்புல் போட்டதுண்டு, அதனால் அது முழுப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன வருஷம் குறுவை அறுப்பு நேரம். நெல் அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் குவித்தாயிற்று, எடுக்க ஆள் வரவில்லை, மழையோ தினமும் மிரட்டிக்கொண்டிருந்தது. தார்ப்பாயை மூடுவதும் வெயில் வந்தால் திறந்து நெல்லைக் கிளறிவிடுவதுமாகப் பொழுது போனது. அப்படி ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து முயலைத் தூக்கியபோது இடது தாடைக்குக் கீழே விரலில் ஏதோ தட்டியது. கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி. அழுத்தினேன். முயல் தலையை மட்டும் லேசாக இழுத்துக்கொண்டது, சத்தம் போடவில்லை. வலித்தால் கத்தாதா, கத்தவில்லையே, அப்போது வலிக்கவில்லை என்று முடிவு செய்தேன்.

அன்று சாயங்காலம் அவள் கூப்பிட்டபோது முயலை மடியில் வைத்து வலது பக்கம் தெரிகிற மாதிரி பிடித்தேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகத் திரும்பியது. மறுநாள் யோசித்தே திருப்பினேன். அதற்கடுத்த நாள் அதுவே பழக்கமாகிவிட்டது. கடல் தாண்டி இருக்கிறவளை எதற்குக் கவலைப்பட வைப்பது என்று எனக்குள் ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உண்மை அது இல்லை. பார்த்தால் டாக்டரிடம் கொண்டுபோ என்று சொல்வாள். ஊர் மாட்டுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவன், உள்ளங்கை அகல முயலைத் தூக்கிக்கொண்டு போய் டாக்டர் வாசலில் நிற்பதா? நானே பழுக்கவைத்து உடைத்துச் சரி செய்துவிட்டு, பிறகு ஒருநாள் சாவகாசமாக, "உன் முயலுக்கு ஒரு கட்டி வந்துச்சு, நான்தான் பாத்தேன்" என்று சொல்ல வேண்டும். அந்தப் பெருமைக்காகத்தான் மறைத்தேன்.

களி கிண்டினேன். பழைய வேட்டியைக் கிழித்து, தாடைக்கும் தலைக்குமாகச் சுற்றிக் கட்டினேன். முயல் காலால் இழுத்து இழுத்து அவிழ்த்துவிட்டு, களியை நக்கித் தின்றுவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. மறுபடி கிண்டி மறுபடி கட்டினேன். கட்டி நெல்லிக்காய் அளவாயிற்று. நல்லது, பழுக்கிறது என்றேன். அதன் மோவாய் எந்நேரமும் ஈரமாக இருந்தது. கிண்ணத்தைத் தட்டினால் ஓடி வரும், அவலை மோந்து பார்க்கும், தின்னாமல் திரும்பிப் போகும். கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து நறநறவென்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும். மாடு அசை போடுகிற மாதிரி இதுவும் நிம்மதியாக எதையோ மெல்லுகிறது என்று எனக்குத் தோன்றியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கட்டிலில் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

கட்டி கொஞ்சம் மெத்தென்று ஆனதும் பழுத்துவிட்டது என்று தீர்மானித்து, புது பிளேடை வெந்நீரில் போட்டு எடுத்துக் கீறினேன். அது எப்படி இருந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாட்டுக்கட்டியைக் கீறினால் சீழ் பீறிட்டு வரும், வடிந்து காலியாகிவிடும். இதில் எதுவும் வடியவில்லை. திரட்டுப்பால் மாதிரி வெள்ளையாகக் கெட்டியாகக் கொஞ்சம் பிதுங்கி அப்படியே நின்றது. நான் பிழிந்தேன். இன்னும் அழுத்திப் பிழிந்தேன். முயல் என் தொடை இடுக்கில் கண்ணை அகல விரித்துக்கொண்டு அசையாமல் இருந்தது. அப்போதும் கத்தவில்லை. நான் நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. வந்த வரைக்கும் துடைத்து மஞ்சளை அப்பிவிட்டு, அரைகுறையாக ஒரு காரியத்தை முடித்தவனுக்கு வருகிற எரிச்சலோடு கொள்முதல் நிலையத்துக்குக் கிளம்பிப் போனேன்.

கீறிய இடம் மேலே மூடிக்கொண்டது. உள்ளே முன்னைவிடப் பெரிதாக வீங்கியது. பிறகு அது சாப்பிடுவதை முழுதாக நிறுத்தியது. புழுக்கை சின்னதாகி, ஒருநாள் காலையில் கூட்டுவதற்கு ஒன்றுகூட இல்லை. மாடு வளர்த்தவனுக்குச் சாணி போடாத மாடு என்றால் என்ன அர்த்தம் என்று தெரியும். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. பயத்திலும் புத்தி நேராகப் போகவில்லை. மெடிக்கலுக்குப் போய், எனக்குத் தாடையில் கட்டி என்று சொல்லிக் கேப்சூல் வாங்கி வந்து, பிரித்துத் தண்ணீரில் கரைத்து வாயைத் திறக்கப் பார்த்தேன். அது வாயைத் திறக்கவே இல்லை. பல்லை இறுக்கிக்கொண்டது. மருந்து தரையில் கொட்டியதுதான் மிச்சம்.

உள்ளூர்க் கால்நடை டாக்டரிடம் போக வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் அவர் வேலையில் மூக்கை நுழைத்தவன் நான். விசாரித்ததில் தஞ்சாவூரில் நாய், பூனை, முயல் எல்லாம் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். மூங்கில் கூடையில் துண்டை விரித்து முயலை வைத்து பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கையில் பூக்கூடையோடு இருந்த அம்மா எட்டிப் பார்த்து, "என்னண்ணே, கறிக்கா?" என்றார்.

"வைத்தியத்துக்கு."

"முயலுக்கா வைத்தியம்?" என்று அவர் சிரித்தார். பஸ்ஸில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மாசத்துக்கு முன்னால் என்றால் நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருப்பேன்.

டாக்டருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். முயலை மேசைமேல் துண்டோடு வைத்து, ஒரு கையால் அதன் கண்ணை மறைத்தபடி தடவிப் பார்த்தார்.

"எத்தனை நாளா இருக்குங்க இது?"

"நாலஞ்சு நாளா."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் கட்டியையே பார்த்துக்கொண்டு, "சுத்தி நல்லா சுவர் கட்டியிருக்கு சார். இது நாலு நாள் கட்டி இல்லை" என்றார். பிறகு, "இதைக் கீறினது யாரு?"

"தானா உடைஞ்சுது."

"பிளேடு பட்ட மாதிரி நேரா இருக்கே." அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை போலிருந்தது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தைச் சட்டகத்தில் மாட்டிப் பேனாவால் காட்டிக் காட்டிச் சொன்னார். முயலுக்குப் பல் ஆயுசுக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். மெத்தென்ற தீனியே தின்றால் தேயாது. மேலே போக இடமில்லாமல் வேர் கீழே தாடை எலும்பைக் குத்திக்கொண்டு போகும், அந்த இடத்தில் சீழ் பிடிக்கும். "என்ன சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு?" என்று கேட்டார். அவல், சோறு, இட்லி என்று சொன்னேன். சொல்லும்போதே ஒவ்வொன்றும் வேறு மாதிரி கேட்டது.

"புல்லு?"

"எங்க ஊர்ல புல்லுக்குக் கொறைச்சல் இல்லீங்க" என்றேன். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

முயலுடைய சீழ் கெட்டியானது, கீறினால் வடியாது, பழுக்கட்டும் என்று விட்டால் உள்ளேதான் பரவும் என்றார். சுற்றியிருக்கிற சுவரோடு அறுத்து எடுக்க வேண்டும், கெட்டுப்போன பல்லையும் பிடுங்க வேண்டும். இடையில் முயல் நறநறவென்று பல்லைக் கடித்தது. "அடிக்கடி இப்படிக் கடிக்குதா?" என்று கேட்டார். ஆமாம், மெல்லுகிறது என்றேன். "மெல்லலை சார். வலி தாங்க முடியலைன்னா இப்படித்தான் செய்யும். இதுங்க கத்தாது. கத்தினா வேட்டை மிருகத்துக்குத் தெரிஞ்சுடும்ல, அதனால மறைச்சு வச்சுக்கும்."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சத்தத்தைத் தாலாட்டு மாதிரி கேட்டுக்கொண்டு தூங்கியவன் நான். சட்டைப் பையில் மீதி கேப்சூல் இருந்தது. அதையும் எடுத்துக் காட்டினேன், ஏதோ ஒன்றிலாவது உண்மையாக இருப்போம் என்று. அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைக் கொடுத்தீங்களா?" என்றார். குரல் மாறிவிட்டது. குடிக்கவில்லை என்றேன். "நல்ல வேளை. இந்த வகை மருந்து வாய் வழியா போனா முயலுக்குக் குடலே கெட்டுப்போயிடும், பொழைக்காது." நான் திறக்கச் சொல்லி மல்லுக்கட்டிய வாயை அது மூடிக்கொண்டதால் பிழைத்திருக்கிறது. என்னிடமிருந்து அது தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டது.

"மயக்கம் கொடுத்தா சிலது எழுந்திரிக்காம போறதும் உண்டு. அதுவும் இது சாப்பிடாம இருக்கு. யாரோட முயலு சார்? வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"என் சம்சாரத்தோடதுங்க. சொல்லிட்டேன்."

இது மூன்றாவது பொய்யா நான்காவதா, எனக்கே கணக்குத் தெரியவில்லை. உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். அது செத்துப்போனால் அவளிடம் எதைச் சொல்வது என்றுதான் முதலில் யோசனை ஓடியது. கதவைத் திறந்துவிட்டேன், நாய் பிடித்துவிட்டது என்று சொல்லலாம். அந்தக் கதைக்கு வேண்டிய சங்கதிகளைக்கூட மனசு ஜோடித்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் அது பிழைக்க வேண்டுமே என்ற நினைப்பு வந்தது. இந்த வரிசையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

எழுந்துவிட்டது. இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்து கொடுத்தார்கள். அந்த இரண்டு நாளும் மழை, கரண்ட் இல்லை, நெட் இல்லை, வீடியோ வராது என்று சாதாரண போனில் அவளிடம் சொன்னேன். டெல்டாவில் இருக்கிறவனுக்கு இந்தச் சாக்கு எப்போதும் கைவசம் உண்டு.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான தண்டனை. தாடைக்குக் கீழே ஒரு குழி. அது மேலே மூடிக்கொள்ளக் கூடாது, அடியிலிருந்து ஆறிக்கொண்டு வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் காலையும் மாலையும் சிரிஞ்சில் மருந்துத் தண்ணீரை எடுத்து அந்தக் குழிக்குள் பீய்ச்சிக் கழுவ வேண்டும், மேலே படிகிற பொருக்கை நானே எடுத்துவிட வேண்டும். கழுத்துத் தோலில் ஊசி. அருகம்புல்லை அரைத்துக் கூழாக்கி, முன்பல்லுக்குப் பின்னால் பல் இல்லாத இடைவெளி வழியாக வாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். தார்ப்பாயை மூடவும் நெல்லைக் கிளறவும் ஆள் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தேன். விடிந்ததும் கூடையோடு வரப்புக்குப் போய் பனி ஈரமில்லாத புல்லாகப் பார்த்து அறுப்பேன். காலடியில் எங்கு பார்த்தாலும் புல்தான். அந்தப் புல்லை மிதித்துக்கொண்டு நடந்து போய்த்தான் கடையில் அதற்குப் பொரி வாங்கி வந்திருக்கிறேன்.

குழி மெல்ல ஆறியது. முயல் தானாகப் புல்லைக் கடிக்க ஆரம்பித்தது. ஆனால் என் காலடிச் சத்தம் கேட்டால் ஓட ஆரம்பித்தது. கணுக்காலை மோந்து பார்த்துக்கொண்டு பின்னாலேயே வந்த ஜீவன், நான் அடுப்படிக்குப் போனால் கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நான் வந்தால் வலி வரும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா வந்தால் வெளியே வரும். என்னைக் கண்டால் மட்டும்தான் பயம். அதைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறது.

ஒரு சாயங்காலம் வழக்கம்போல வலது பக்கம் தெரிகிற மாதிரி மடியில் பிடித்திருந்தேன். அது திமிறியது. கை வழுக்கிக் கீழே குதித்து, தலைதெறிக்க ஓடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. போனில் அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அது ஏன் உங்களைப் பாத்து அப்படி ஓடுது?"

"சும்மா வெளையாட்டு."

"வெளையாட்டு ஓட்டமா அது? அடிச்சீங்களா?"

"நான் எதுக்கு அடிக்கப் போறேன்?"

"அப்புறம் ஏன் நடுங்குது? கோவத்துல ஏதாவது அடிச்சுட்டீங்களா? சொல்லுங்க."

அடித்தேன் என்று அவள் நினைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் சொன்னேன். மனசாட்சி உறுத்தி நானாகச் சொன்னேன் என்று இங்கே எழுதிக்கொள்ள ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. களி, பிளேடு, கேப்சூல், தஞ்சாவூர், எல்லாவற்றையும் படபடவென்று கொட்டினேன். கொட்டும்போது கோபமாகப் பேசினேன். பாடுபட்டுக் காப்பாற்றியவனைப் போய் அடித்தாயா என்று கேட்கிறாளே என்ற கோபம்.

முடித்ததும், "தூக்கிட்டு வாங்க. லைட்டைப் போடுங்க" என்றாள். கட்டிலுக்கு அடியில் படுத்துக் கையை விட்டு இழுத்துக்கொண்டு வந்தேன். "அந்தப் பக்கம் காமிங்க. இன்னும் கிட்ட." பார்த்தாள். மனைவியாகப் பார்க்கவில்லை, நர்ஸாகப் பார்த்தாள். எந்த மருந்தில் கழுவுகிறீர்கள், எவ்வளவு தண்ணீர் கலக்கிறீர்கள், நாற்றம் இருக்கிறதா, கழுவுவதற்கு முன்னால் கையை எதில் கழுவுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டாள். சிரிஞ்சை நேராகக் குத்திப் பிடிக்காமல் சாய்த்துப் பிடித்தால் வலி குறையும் என்று சொல்லிக்கொடுத்தாள். திட்டவில்லை. எனக்கு மூச்சு வந்தது. நல்லவேளை, தப்பித்தேன் என்று நினைத்தேன்.

முயலை இறக்கிவிட்ட பிறகு அவள் கேட்டாள். "எப்பேருந்து இந்தக் கட்டி?"

"அறுப்பு ஆரம்பிச்சப்பேருந்து."

"அன்னையிலேருந்து தெனம் நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

நான் தரையில் சிதறிக் கிடந்த புல்லைப் பொறுக்கினேன்.

"இங்கேருந்து எனக்கு இந்த போன்ல தெரியுறது மட்டும்தாங்க வீடு. அதுலயும் நீங்க பாத்துப் பாத்து நல்ல பக்கமா காமிச்சா, நான் வேற எதைத்தான் பாக்குறது?"

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நாளைக்குக் காலையில் டூட்டி, படுக்கணும் என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசிவிட்டு மறந்திருப்பேன். இது பேச முடியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகும் தினமும் கூப்பிடத்தான் செய்தாள், செய்கிறாள். பேச்செல்லாம் பழையபடிதான். என் காதைக்கூடக் கிண்டல் பண்ணினாள். எனக்குப் பிரஷர் உண்டு, மாத்திரை போட்டேன் என்றால் மட்டும் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்ப்பாள். நான் எழுந்து போய் அட்டையை எடுத்து வந்து காட்டுவேன். அவள் காட்டச் சொன்னதில்லை. நானாகத்தான் காட்டுகிறேன்.

பொங்கல் கழிந்து சம்பா அறுப்பும் முடிந்த நேரத்தில் ஒருநாள் காலை. புல்லைப் போட்டுவிட்டு, இப்போது கொஞ்சம் பயம் தெளிந்திருந்த முயலைத் தூக்கி, டாக்டர் சொல்லியிருந்தபடி தாடையை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தேன். தினமும் செய்கிற வேலைதான். பழைய தழும்புக்குக் கொஞ்சம் பின்னால் விரலில் தட்டியது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. முதல்நாள் தடவியபோது அந்த இடத்தில் ஒன்றும் இல்லை, சத்தியமாக இல்லை. திரும்ப வரலாம் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார்.

உடனே குவைத்துக்குப் போட்டேன். டூட்டி நேரத்தில் நான் கூப்பிடுவதே இல்லை. பதறிப்போய் எடுத்தாள். பின்னால் ஆஸ்பத்திரிச் சுவரும் தள்ளுவண்டியும் தெரிந்தன. நான் முயலைத் திருப்பி அந்த இடத்தைப் போனுக்குக் கிட்டே பிடித்து, ரோமத்தை விலக்கிக் காட்டினேன்.

"திரும்ப வந்துருக்கு. இப்பதான் பாத்தேன். இப்பவே தஞ்சாவூருக்குக் கெளம்புறேன்."

அவள் பார்த்தாள். அப்புறம் முயலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்குத்தான் பாத்தீங்களா?"

"இன்னைக்குத்தான்."

"உண்மையாவா?"

உண்மைதான். ஆனால் அதைக் காட்ட என்னிடம் எந்த அட்டையும் இல்லை. "உண்மைதான்" என்று மட்டும் சொன்னேன்.

"சரி" என்றாள். வார்டில் நோயாளியின் சொந்தக்காரர்களிடம் சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள். "டாக்டர்கிட்ட போனதும் போனை அவங்ககிட்ட குடுங்க, நானே கேட்டுக்குறேன்."

கொடுக்கிறேன் என்றேன். கூடையில் துண்டை விரித்து முயலை வைத்தேன். அது என் கையை மோந்து பார்த்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.